காசிமேட்டு மொட்டைமாடிக்கு மேலே நாலு நாள் வானம்

முதல் நாள், ஏப்ரல் 23, 2025, புதன்கிழமை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன, என் தம்பி வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான், பிள்ளைகளுக்கும் லீவு விட்டாயிற்று. இப்படி எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருக்கிற நாள் வருஷத்தில் இந்த ஒரு தரம்தான் வரும். அதனால் போன மாதம் கொடுத்த வாக்கை இப்போதே காப்பாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வாக்கு என்னவென்றால், மார்ச் 19 அன்று சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் கழித்துப் பூமிக்குத் திரும்பியதை டிவியில் பார்த்த என் பெரியவன் (அஞ்சாவது முடித்திருக்கிறான்) "அவங்களை ஏம்மா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க, அடிபட்டுடுச்சா?" என்று கேட்டான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. லீவு விட்டதும் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அவன் மறக்கவே இல்லை.

காலையில் ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். நான், பெரியவன், மூன்றாவது முடித்த சின்னவள், அக்கா பையன், தம்பி, ஆக மொத்தம் ஐந்து பேர். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் இது என்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகளிடம் சொல்வேன், இன்றும் சொன்னேன். பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயில் மாறினோம். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை. கிரீன்வேஸ் ரோடு தாண்டி அடையாற்றின் மேல் ரயில் போகும்போது மூன்றும் எழுந்து நின்றுவிட்டன. அடுத்தது கோட்டூர்புரம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளோடு நடக்க வேண்டாம், ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

பிர்லா கோளரங்கம் 1988-இல் திறந்தது, பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் காட்சி நேரத்தைக் கேட்டு டிக்கெட் வாங்கிவிட்டு, அப்புறம் மிச்ச நேரத்தில் காட்சிக்கூடங்களைச் சுற்றுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. பிள்ளை இங்கிலீஷ் மீடியம் என்றாலும் தமிழ்க் காட்சிக்கே கூட்டிப் போங்கள் என்பேன். இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுகிற சொல் மனசுக்குள் மொழிபெயர்க்காமல் நேரே இறங்க வேண்டும், அதற்காகத்தான். கூடவே, நட்டநடுவில் உட்காருவதைவிடக் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்து வானம் முழுசும் கண்ணில் விழுகிறது.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கைப் பட்டென்று அணைப்பதில்லை. சாயங்காலம் மங்குகிற மாதிரி மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். அரைவட்டக் கூரை முதலில் வெளுப்பாக இருந்தது, அப்புறம் நீலம், அப்புறம் எதுவும் இல்லை. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒண்ணுமே வரலையேம்மா" என்றாள். இரு, கண்ணு பழகட்டும் என்றேன். முதலில் நாலைந்து, அப்புறம் இருபது முப்பது, அப்புறம் எண்ணவே முடியாதபடி கூரை முழுக்க நட்சத்திரம். நடுவில் பால் கொட்டித் துடைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அரங்கம் முழுக்கப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு 'ஹா' வந்தது, அது இன்னும் என் காதில் இருக்கிறது. விளக்கு வெளிச்சமே இல்லாத ஊரில் வானம் இப்படித்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் சின்னவள் கேட்டாள். "இதெல்லாம் நம்ம வீட்டு மேலயும் இருக்கா?"

இருக்கிறது. பகலிலும் இருக்கிறது, மழையிலும் இருக்கிறது, துறைமுக விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னாலும் அங்கேயேதான் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகு, ஒரு நாள் உலாவாகப் போட்ட திட்டத்தை நாலு நாளாக ஆக்கிவிட்டேன்.

பெரியவனின் கேள்விக்கும் பதில் கிடைத்தது, விண்வெளிப் படங்களுக்கு முன்னால் நின்று நானும் தம்பியும் சேர்ந்து சொன்னோம். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில்தான் சுற்றுகிறது, கிட்டத்தட்ட இங்கிருந்து மதுரை தூரம். அங்கேயும் பூமி இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை. ஒன்பது மாதம் காலுக்கு வேலையே இல்லாவிட்டால் தசையும் எலும்பும் இளைத்துப் போகும். "நாள்கணக்கா படகுல இருந்துட்டுக் கரையில இறங்குனா எனக்கே தள்ளாடும்டா" என்றான் தம்பி. அது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு பழகிப்போன விஷயம், அவர்களுக்கு அதுவும் உண்டு.

ராக்கெட் மாதிரிகளைப் பார்த்தபோது அக்கா பையனுக்கு 2023 ஜூலை 14 ஞாபகம் வந்துவிட்டது. அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் சந்திரயான்-3 கிளம்பியது, நாங்கள் மொட்டைமாடியில் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். காசிமேட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். தினம் ரயில் சத்தத்தில் தூங்கி எழுகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஒரு ஆதங்கமும் உண்டு. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று இத்தனை லட்சம் பேர் இருக்கிற வடசென்னையில், பிள்ளைகள் நடந்தே போய் அண்ணாந்து பார்க்க ஒரு சின்னக் கூரையாவது வேண்டும்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 24, வியாழக்கிழமை

இன்று பயணம் மாடிப்படி ஏறியதோடு சரி. ஆனால் இதைத் தவற விட்டால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும்.

சென்னையில் வருஷத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நிற்கிற பொருளுக்கு அப்போது நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்கிறார்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. மார்ச்சிலிருந்து வடக்கே ஏறிக்கொண்டு வருகிற சூரியன் அந்த 13-ஐ இந்த வாரம் தாண்டுகிறது, திரும்பித் தெற்கே இறங்கும்போது ஆகஸ்டில் மறுபடி தாண்டும். டெல்லிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே கிடையாது.

தேவையானது ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு சாக்பீஸ், ஒரு சொம்பு தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க. தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கமும் ஓடாத இடமாகத் தேடினோம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் கிடைத்தது. டம்ளரை அங்கே கவிழ்த்து வைத்தோம், அகலமான வாய் கீழே இருந்தால் நிழல் அதற்குள்ளேயே ஒளிந்துவிடும் என்று பெரியவன் சண்டை போட்டான், அவன் சொன்னது சரிதான். அதனால் டம்ளரை எடுத்துவிட்டு மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற மஞ்சள்தூள் டப்பாவை வைத்தோம்.

பதினொன்றரையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு. முதல் கோட்டில் நிழல் மேற்கே ஒரு விரல் அகலம். அப்புறம் அரை விரல். பன்னிரண்டு மணி அடித்தபோது இன்னும் நகக்கண் அளவு மிச்சம் இருந்தது. "பன்னண்டு ஆயிடுச்சு, ஏன் போவல?" என்று மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நம் கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். சென்னை அதற்கு மேற்கே 80.27-இல் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று ஒன்பது நிமிஷம் தாமதம், இந்த வாரத்தில் சூரியன் இரண்டு நிமிஷம் முந்திக்கொள்கிறது, ஆகப் பன்னிரண்டு ஏழு.

பன்னிரண்டு ஏழுக்கு டப்பா தனியாக நின்றது. அதைச் சுற்றி எந்தப் பக்கமும் கறுப்பே இல்லை. யாரோ படத்தில் வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தது. சின்னவள் அதன் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றாள், அவள் நிழல் முழுசும் அவள் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. "என் நிழலை நானே மிதிச்சுட்டு நிக்கறேன்" என்று கத்தினாள். பத்து நிமிஷம் கழித்துக் கிழக்கே மெல்லிசாக எட்டிப் பார்த்தது புது நிழல்.

இந்த நேரக் கணக்கு நம் ஊருக்குப் பழசு. நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை மையம் இருக்கிற வளாகத்தில், 1792-இல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டினார்கள். அங்கே நட்சத்திரத்தைப் பார்த்துக் கணித்த மெட்ராஸ் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் வெகுநாள் ஓடின. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி கூடிக் குறைகிற ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்கும் புரிய வேண்டும் என்று நம் மொழிகளில் சிறு நூல் எழுதி வெளியிட்டவர் அவர். தெருவுக்கு ஒருவருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை

நாலரைக்கு எழுப்பினேன். யாரும் முனகவில்லை, அதுவே பெரிய விஷயம். வானத்தில் சிரிக்கிற முகம் தெரியும் என்று இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடலோரம் கருங்கல் தடுப்பு மேல் போய் உட்கார்ந்தோம். எங்களுக்குக் கிழக்கே கடல்தான், ஒரு கட்டிடம் கிடையாது. இதில் மட்டும் வடசென்னையும் பழவேற்காடும் யாருக்கும் குறைந்ததில்லை. கடலுக்கு மேலே வெள்ளி இடது பக்கம் பளீரென்று இருந்தது. வலது பக்கம் சற்று மங்கலாகச் சனி. இரண்டுக்கும் நடுவே, சனியை ஒட்டினாற்போல் கீற்றுப் பிறை. படத்தில் வந்த மாதிரி அச்சு அசலாக முகம் இல்லை, ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, வாய் கீழே வராமல் சனிப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால் நிஜம். பிறையின் இருட்டுப் பகுதியும் லேசாகத் தெரிந்தது, பூமியில் பட்டுத் திரும்பிப் போகிற வெளிச்சம் அது.

"விடிவெள்ளிடா அது" என்றார் அப்பா. கட்டுமரத்தில் போன காலத்தில் அதைப் பார்த்துத்தான் நேரம் கணிப்பார்கள். கார்த்திகைக் கூட்டத்தையும் அவர் காட்டுவார், இப்போது அது சாயங்காலமே மேற்கில் இறங்கிவிடுகிறது. நம் பழம்பாட்டில் அதற்கு அறுமீன் என்று பேர். கடலில் இருப்பதும் மீன், வானத்தில் இருப்பதும் மீன். "தாத்தா ரெண்டு மீனையும் புடிச்சிருக்காரு" என்றாள் சின்னவள்.

சனியின் வளையம் தெரியுமா என்று பெரியவன் கேட்டான். வெறும் கண்ணுக்கு எப்போதும் தெரியாது. இந்த வருஷம் தொலைநோக்கியில் பார்த்தாலும் கோடு மாதிரிதான், ஏனென்றால் மார்ச் மாதம் வளையத்தின் விளிம்பு சரியாக நம் பக்கம் திரும்பியது. சனி சூரியனைச் சுற்ற 29 வருஷத்துக்கு மேல் ஆகிறது, பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் இப்படி வளையம் மறையும்.

விடிந்ததும் தம்பி எல்லோரையும் மீன் எடை போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போனான். தடைக்காலம் என்பதால் ஃபைபர் படகு மீன் மட்டும்தான், கூட்டம் இல்லை. கொக்கித் தராசில் கயிற்றுத் தொட்டில் கட்டிச் சின்னவளை உட்கார வைத்தான். 24 கிலோ. "நிலாவுல இதே தராசுல நீ நாலு கிலோ, ஒரு வஞ்சிரம் அளவு. வியாழன்ல அறுபது." அப்புறம் அவன் ஒன்று கேட்டான், எனக்கே தோன்றாதது. "சரி, பழைய தட்டுத் தராசை நிலாவுக்கு எடுத்துட்டுப் போனா?" மூன்று பேரும் நாலு கிலோ என்றார்கள். இல்லை, 24-தான் வரும். இந்தத் தட்டில் பிள்ளை இளைத்தால் அந்தத் தட்டில் படிக்கல்லும் அதே அளவு இளைக்கும். கொக்கித் தராசுக்குள் இருக்கிற சுருள்வில் இழுப்பை அளக்கிறது, தட்டுத் தராசு பொருளோடு பொருளை ஒப்பிடுகிறது. எடைக்கும் நிறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்து எழுதினேன். புரிந்தது இன்றைக்குத்தான்.

நான்காம் நாள், ஏப்ரல் 26, சனிக்கிழமை

எண்ணூர் தாழங்குப்பத்தில் சித்தி வீடு. வெயில் தாழ அங்கே மணலில் சூரியக் குடும்பம் போட்டோம்.

சூரியனுக்கு ஒரு பெரிய தேங்காய், குறுக்களவு 14 சென்டிமீட்டர். அந்த அளவில் பூமி ஒரு கடுகு, செவ்வாய் கசகசா, வியாழன் ஒரு கோலிக்குண்டு, சனி சுண்டைக்காய். தூரத்துக்குத் தம்பி கயிறு கொண்டு வந்தான். கடலில் ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். தேங்காயிலிருந்து கடுகுக்கு எட்டுப் பாகம், பதினைந்து மீட்டர் கிட்ட வருகிறது. நிஜத்தில் அது 15 கோடி கிலோமீட்டர், வெளிச்சத்துக்கே எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த எட்டுப் பாகத்தை ஒரு கயிறு என்று வைத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கு ஒன்றரைக் கயிறு. வியாழனுக்கு ஐந்து கயிறும் கொஞ்சமும். சனிக்கு ஒன்பதரை. பிள்ளைகள் அதுவரை ஓடிக்கொண்டே கயிறு போட்டார்கள். யுரேனஸுக்குப் பத்தொன்பது கயிறு என்றதும் நடக்க ஆரம்பித்தார்கள். நெப்டியூனுக்கு முப்பதாவது கயிறு போட்டு முடிக்கும்போது நானூற்று ஐம்பது மீட்டர் தள்ளி வந்திருந்தோம், தேங்காய் கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த நட்சத்திரம் எங்கே என்று அக்கா பையன் கேட்டான். இந்தக் கணக்கில் அடுத்த தேங்காய் நாலாயிரம் கிலோமீட்டரில் இருக்கிறது, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரையும் தாண்டி. அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். திரும்பி வந்தபோது கடுகு காற்றில் போயிருந்தது, புதுக் கடுகு வைத்தோம்.

இருட்டியதும் வானம். வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கி விளக்குகள், அதனால் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டியும் கொஞ்சமும் உயரத்தில், 13 டிகிரியில் இருக்க வேண்டிய துருவ நட்சத்திரம் கிடைக்கவே இல்லை. நம் ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை டிகிரி உயரம்தான் அது. சப்தரிஷி மேலே தெளிவாக இருந்தது. அதில் வசிஷ்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அருந்ததியைச் சின்னவள்தான் முதலில் பிரித்துப் பார்த்தாள். கல்யாணத்தில் காட்டுகிற அதே அருந்ததி, சங்கப் பாட்டில் வடமீன். சப்தரிஷியின் வாலை வளைத்துக்கொண்டே போனால் சுவாதி, இன்னும் வளைத்தால் சித்திரை. முழுநிலா அந்தச் சித்திரையை ஒட்டி வருகிற மாதம் என்பதால்தான் இது சித்திரை மாதம். பத்து மணிக்கு மேல் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை நாலு புள்ளியாக எழுந்து நின்றது.

பெரியவன் நோட்டில் எண்ணி எழுதியிருந்தான். வெறும் கண்ணால் ஐம்பத்தேழு. கோளரங்கக் கூரையில் பார்த்ததில் ஒரு மூலைகூட இல்லை, பால் சிந்திய பட்டையும் இல்லை. முகம் சுருங்கிவிட்டது.

"ஜூன் பதினஞ்சுக்கு அப்புறம் நான் நடுக்கடல்ல இருப்பேன்டா, அங்க ஒரு விளக்கும் கிடையாது" என்றான் தம்பி. ஜூன் ராத்திரியில் தேள் மாதிரி வளைந்த விருச்சிகமும் பால்வழியும் தெற்கே நன்றாக மேலே வரும். பெரியவன் உடனே ஒரு பக்கத்தைக் கிழித்து, விருச்சிகம், பால்வழி, தென்சிலுவை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம் போட்டான். தண்ணீர் படாமல் இருக்க அதைப் பால் கவருக்குள் மடித்து வைத்துக் கொடுத்தான். தம்பி அதை வாங்கி, படகு லைசென்ஸ் வைத்திருக்கிற பையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டான்.